அறுபதில் ஐந்து

தொழிற்சாலையில் எனக்குக் கழுகு என்று பெயர். நான் இல்லாத நேரத்தில் வைத்த பெயர்தான். ஆனாலும் எப்படியோ என் காதுக்கு வந்துவிட்டது. வந்த அன்று வீட்டில் மூன்று தடவை சொன்னேன். ஒரு தரப் பரிசோதகனுக்கு இதைவிடப் பெரிய விருது என்ன வேண்டும்? மூன்றாவது தடவை சொன்னபோது என் மனைவி, "கண்ணாடி இல்லாம கரண்ட் பில்லைப் படிக்கத் தெரியாது, கழுகாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வீட்டில் இருப்பவர்களுக்கு நம் அருமை தெரிவதில்லை என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் செய்வது ஃபைபர் கிளாஸ் பெட்டிகள். கண்ணாடி இழை விரிப்பையும் ரெசின் என்ற பசையையும் அடுக்கடுக்காக அச்சில் ஒட்டி, ஆள் உயரத்துக்குச் செய்வோம். திறந்த வெளியில் இருக்கும் குடிநீர் பம்புகளை இயக்கும் மின்கருவிகள் அதற்குள் உட்காரும். மழை, தூசி, எலி எதுவும் உள்ளே போகக் கூடாது. போகாது என்று எழுதி ஸ்டிக்கரில் கையெழுத்துப் போடுவது என் வேலை. பதினொரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சோதனை என்றால் பெரிய மந்திர வித்தை இல்லை. என் சட்டைப்பையில் ஒரு தடித்த நாணயம் இருக்கும். பெட்டியின் சுவரை அதனால் தட்டிக்கொண்டே வருவேன். அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டியிருந்தால் டங் என்று கேட்கும். நடுவில் காற்று மாட்டியிருந்தால் பொத் என்று கேட்கும். அப்புறம் பெட்டிக்குள் ஒரு செய்தித்தாளை விரித்து, கதவைச் சாத்தி, வெளியே நின்று குழாயால் பத்து நிமிஷம் தண்ணீர் அடிப்பேன். திறந்தால் தாள் காய்ந்திருக்க வேண்டும். அறுபது பெட்டிக்கு ஐந்தைப் பார்த்தால் போதும், அறுபதிலும் கையெழுத்துப் போடலாம் என்பது விதி. எந்த ஐந்து என்பது என் இஷ்டம்.

இந்தத் தட்டும் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. புதிதாக வாங்கிய அலமாரி, வாடகைக்குப் பார்க்கப் போன வீட்டின் சுவர், பல் மருத்துவர் மேஜை, எதையும் விடமாட்டேன். "உங்க தலையில ஒரு தட்டு தட்டிப் பாருங்க, பொத்துன்னு கேக்கும்" என்பாள் மனைவி. அவளுக்கு என்மேல் இன்னொரு கோபமும் உண்டு. என் சட்டையில் எப்போதும் கண்ணாடி இழைத் தூள் ஒட்டியிருக்கும். தனி வாளியில்தான் ஊற வைக்க வேண்டும். தப்பித் தவறி மற்ற துணியோடு சேர்ந்துவிட்டால் அன்றைக்குக் குடும்பமே சொறிந்துகொண்டு நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மனைவியின் தம்பி சாப்பிட வந்திருந்தான். அவன் ஒப்பந்தக்காரன். எங்கள் பெட்டிகளைப் பம்பு நிலையங்களில் நிறுத்தி, உள்ளே கருவிகளைப் பொருத்திக் கொடுப்பது அவன் தொழில். நாலு ஆட்கள் அவனிடம் வேலை செய்கிறார்கள். வழக்கமாக வந்ததும் வராததுமாக என்னைக் கிண்டல் செய்கிறவன், அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"மாமா, ஒரு விஷயம். உங்க பெட்டி ரெண்டுல தண்ணி இறங்கியிருக்கு."

"தண்ணியா?"

"போன வாரம் மழை பெஞ்சுதுல்ல. கதவைத் திறந்தா அடியில நாலு விரல் தண்ணி நிக்குது. இன்னும் ஒரு மழை பெஞ்சிருந்தா கருவி வரைக்கும் ஏறியிருக்கும். கை வச்சவன் பொழைச்சிருக்க மாட்டான். குடிநீர் வாரிய இன்ஜினியர் என்னடான்னா, என் ஆளுங்க பொருத்துனதுதான் சரியில்லைங்கறாரு. உங்க கம்பெனியும் அதையே எழுதிக் கொடுத்துட்டா, என்னை இந்த வேலையில இருந்தே தூக்கிடுவாங்க. ஆறு வருஷமா இதை நம்பித்தான் வீடு ஓடுது."

நல்ல மனுஷனாக இருந்தால், வா போய்ப் பார்க்கலாம் என்று எழுந்திருப்பான். நான் இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னேன்.

"அந்தப் பெட்டிகளைப் பாத்தது யாரு?" என்றேன்.

"நீங்கதான். ஸ்டிக்கர்ல உங்க கையெழுத்து இருக்கு."

"அப்புறம் என்ன? கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு பாத்த பெட்டி மச்சான் அது. சரி, அந்த ரெண்டையும் பொருத்துனது யாரு?"

"அரைச்சுத்துதான்."

அரைச்சுத்து என்பது அவனுடைய மூத்த ஆள். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கி முடித்த பிறகு, மனசு கேட்காமல் இன்னொரு அரைச் சுற்று முறுக்குவாராம். அதனால் அந்தப் பெயர். நான் பார்த்ததில்லை, கேள்விதான். கேள்விப்பட்டதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

"அங்கதான் இருக்கு விஷயம்" என்று ஆரம்பித்தேன். "கதவுக்குள்ள ஒரு ரப்பர் பட்டை இருக்கில்ல? அளவுக்கு மேல முறுக்குனா அது நசுங்கிடும். நசுங்குன ரப்பர் தண்ணியைத் தடுக்காது. பொருத்துனவன் கை சரியில்லை. நீ தைரியமா இன்ஜினியர்கிட்ட சொல்லு, ஆளை மாத்திட்டேன்னு."

இதை நான் சொன்ன அழகைச் சொல்ல வேண்டும். அரை மணி நேரம், இடது கையால் காற்றில் படம் வரைந்து, வலது கை காய்ந்துபோக, வாய் கிழியப் பேசினேன். நடுவில் மனைவி, "ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு அப்புறம் பேசுங்களேன்" என்றாள். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று அவள் வாயை அடைத்தேன். மச்சான் கை கழுவிக்கொண்டு கிளம்பிப் போனான்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். பெட்டிகள் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை, தண்ணீர் இறங்கியதற்குப் பொருத்தியதில் ஏற்பட்ட குறையே காரணம் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். முந்தின நாள் வாயால் சொன்னதுதான் அது. ஆனால் இதில் கையெழுத்துப் போட்டால் மச்சான் பிழைப்பு போய்விடும் என்பது எனக்கும் தெரியும். பேனாவைத் திறந்தவன் நிறுத்தினேன்.

உறவுப் பாசம் பொங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குப் பொங்கியது பெருமை. சும்மா கையெழுத்துப் போட்டால் மச்சான் நம்பமாட்டான். ஆதாரத்தோடு போட்டால், மாமா சொன்னது சரிதான் என்று அவனே ஒப்புக்கொள்வான்.

"அந்த ரெண்டும் சேர்ந்த அறுபதுல இன்னும் எட்டுப் பெட்டி அனுப்பாம கிடக்குது சார். அதுல மறுபடியும் சோதனை பண்ணி, அந்தத் தாளையும் கூட வச்சுக் கொடுத்துடறேன்" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு? வேலையைப் பாருங்க" என்றார் மேனேஜர். அவர் என் உழைப்பை மிச்சப்படுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு நல்ல மனுஷர்.

பெட்டிகள் நிற்கும் கூடத்தில் தகரக் கூரை. ரெசின் நாற்றமும் வெக்கையும் ஆளைத் தூக்கும். நடுவில் தரையில் நிற்கும் ஒரு பெரிய மின்விசிறி உண்டு. அதன் முன்னால்தான் என் நாற்காலி. அன்றைக்கு விசிறியைக் காணோம். மோட்டார் புகைந்துவிட்டது, பழுது பார்க்கக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றார்கள். ஐந்து நிமிஷத்தில் முதுகு நனைந்துவிட்டது. பின்சுவரோரம் ஒரு கதவு திறந்திருந்தது, அங்கே கொஞ்சம் காற்று வந்தது. சரி, அங்கிருந்து ஆரம்பிப்போம் என்று பின்வரிசைக்குப் போனேன்.

முதல் பெட்டியைத் தட்டினேன். பொத்.

நாணயத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினேன். பொத்துதான். மூலையிலிருந்து கதவுச் சட்டம் வரைக்கும் ஒரு முழ நீளத்துக்கு அதே சத்தம். அடுத்த பெட்டிக்குப் போனேன். அதற்கடுத்ததற்கும் போனேன். பின்னால் நின்ற ஐந்தில் நான்கு பொத். ஒன்றுக்குள் செய்தித்தாளை விரித்துத் தண்ணீர் அடித்தேன். பத்து நிமிஷம் வேண்டியிருக்கவில்லை. நாலாவது நிமிஷத்தில் கதவைத் திறந்தபோது தாள் கூழாகக் கிடந்தது.

சுற்றும் முற்றும் பார்த்தேன். அச்சுகளின் பக்கம் வேலை செய்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் ரோலர் அக்கா என்போம். இழை விரிப்புக்குள் காற்று நிற்காமல் உருளையால் உருட்டி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"சார், அது அந்த வரிசை" என்றார்.

"எந்த வரிசை?"

"நீங்க பாக்காத வரிசை."

எனக்குப் புரியவில்லை. அவருக்கு, எனக்குப் புரியவில்லை என்பது புரியவில்லை.

"நீங்க விசிறியை விட்டு நகர மாட்டீங்க" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "நீங்க சேர்ந்த ரெண்டாவது மாசத்துலயே எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாள் முழுக்க அச்சுல காயவிட்டு, மூலை மூலையா உருட்டி எடுத்த பெட்டியை விசிறிக்குப் பக்கத்துல கொண்டுவந்து வைப்போம். ஒரு நாளைக்குப் பன்னெண்டு வேணும்னு மேனேஜர் நிக்கிறாரு. எல்லாத்தையும் அப்படிப் பண்ண முடியுமா? அவசரத்துல எடுத்ததையெல்லாம் மூலையில பூசி மெழுகி, பின்னாடி தள்ளிடுவோம்."

"பதினொரு வருஷமாவா?"

"ஆமா சார்."

"ஒரு தடவையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சுதான் அப்படிப் பண்றீங்கன்னு நெனச்சோம். பெரிய மனசு, எங்க கஷ்டம் தெரிஞ்சு கண்டுக்காம விடறாருன்னு பேசிக்குவோம்."

அவர் என்னைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதினொரு வருஷமாக இந்த மக்கள் என்னைக் கருணையுள்ள திருடன் என்று நினைத்து மரியாதை கொடுத்திருக்கிறார்கள். நான் வெறும் முட்டாள் என்று யாருக்கும் தோன்றவேயில்லை. கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்ப கழுகுன்னு ஏன் பேரு வச்சீங்க?"

பின்னால் நின்ற ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். ரோலர் அக்காதான் சொன்னார். "ஒரே எடத்துல உக்காந்துக்கிட்டு கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்புவீங்கள்ல, அதான்."

மேனேஜரிடம் ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் நிதானமாக டீ குடித்து முடித்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"புதன்கிழமை இன்ஜினியர் வர்றாரு. மிச்ச பெட்டியில அவரே எடுத்துப் பாக்கணுமாம். எட்டுல விசிறிகிட்ட இருக்கற மூணும் நல்லது, அது முன்னாடியே இருக்கட்டும். விசிறியும் நாளைக்கு வந்துடும். அவர் பாத்துட்டுப் போனதும் நீங்க கடுதாசியில கையெழுத்துப் போடுங்க. அவ்வளவுதான்."

"அவர் கண்டுபிடிச்சுட்டா?"

"பதினொரு வருஷமா நீங்களே கண்டுபிடிக்கலையே" என்றார் மேனேஜர்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். கழுத்தைத் திருப்பும் இடம் வந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு, "தம்பிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"புதன்கிழமை முடியட்டும்" என்றேன்.

ஃபோனைக் கையில் எடுத்தேன்தான். எடுத்து, மணி பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசியதை ஒரு நிமிஷத்தில் திருப்பி விழுங்க வேண்டும். எனக்கு அதற்குத் தொண்டை இல்லை. செவ்வாய்க்கிழமையும் அப்படியே போயிற்று.

புதன்கிழமை இன்ஜினியர் வந்தார். நல்ல உருவம். காரிலிருந்து கூடம் வரை நடந்ததற்கே கைக்குட்டை நனைந்துவிட்டது. உள்ளே நுழைந்தார், நாலு பக்கமும் பார்த்தார், நேராக விசிறிக்குப் போனார். என்னுடைய பதினொரு வருஷம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என் கண் முன்னால் நடந்து போயிற்று. மேனேஜர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

இன்ஜினியர் ஒரு பெட்டியை விரல் முட்டியால் தட்டினார். கதவைத் திறந்து மூடினார். இரண்டாவதைத் தட்டினார். "நல்லாத்தானே இருக்கு" என்றார். "அப்ப பொருத்துனவங்க தப்புதான். அந்த ஒப்பந்தக்காரரை மாத்திட வேண்டியதுதான்."

மேனேஜர் கடிதத்தை அட்டையில் வைத்து, பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். கையெழுத்துப் போட்டால் கழுகாகவே காலம் தள்ளலாம். போடாவிட்டால் ஊர் சிரிக்கும். மச்சானை நினைத்தேன். பிசைந்த சோற்றைச் சாப்பிடாமல் அவன் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. எனக்கு என்மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"சார், நீங்க நிக்கிற எடத்துல காத்து நல்லா வரும். பெட்டியும் நல்லா இருக்கும்" என்றேன். "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

"அங்க என்ன?"

"இதுதான் நான் பாக்காத வரிசை."

நாணயத்தை அவர் கையில் கொடுத்தேன். முதல் பெட்டியைத் தட்டினார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் விளக்கினேன். விசிறி, நாற்காலி, பதினொரு வருஷம் எல்லாவற்றையும் சொன்னேன். ரோலர் அக்காமேல் பழி விழாமல் பன்னிரண்டு பெட்டிக் கணக்கையும் சொன்னேன். மேனேஜர் விசிறியை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அனுப்பிய ஐம்பத்திரண்டு பெட்டிகளையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று இன்ஜினியர் அங்கேயே நின்று எழுதினார். பொருத்தியவர்கள்மேல் குறை இல்லை என்றும் ஒரு வரி எழுதச் சொல்லி, அதைப் படமெடுத்துக்கொண்டேன். என் நாற்காலி இருக்குமா போகுமா என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்கு அதைப்பற்றிக் கவலைப்பட நேரமில்லை. மச்சானைக் காப்பாற்றிய மாவீரனாக அவன் வேலை செய்யும் பம்பு நிலையத்துக்கு ஆட்டோ பிடித்துப் போனேன். போகிற வழியில், இதை எப்படி ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று இரண்டு தடவை ஒத்திகை வேறு பார்த்துக்கொண்டேன். அடி வாங்கியும் புத்தி வராத ஜன்மம்.

மச்சான் தானே மண்டியிட்டு போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைக் காட்டினேன். அவன் அதை இரண்டு தடவை படித்தான். முகம் தெளியவில்லை.

"என்ன மச்சான், சந்தோஷமா இல்லையா? வேலை போகாது உனக்கு."

"அரைச்சுத்தை வேலையை விட்டு அனுப்பிட்டேன் மாமா."

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமையே. உங்க வீட்டுல இருந்து நேரா அவர் வீட்டுக்குத்தான் போனேன். ஆறு வருஷமா கூட இருந்தவர். நான் சரியாத்தான் முறுக்குனேன்னு ஒரு தடவைதான் சொன்னாரு. நான் விடலை. எங்க மாமா கையெழுத்துப் போட்ட பெட்டி அது, அவர் பாத்தா தப்பாது, உங்க கைதான் சரியில்லைன்னு சொல்லிட்டேன். வாசல்ல வச்சு. அவர் சம்சாரம், பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் நின்னாங்க." அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "உங்க பேரைச் சொன்னதும் அவர் வாயே திறக்கலை மாமா. நம்பிட்டாருன்னு நெனைக்கிறேன். தன் கை மேலயே சந்தேகம் வந்துடுச்சு அவருக்கு."

பக்கத்தில் கிடந்த மரச்சட்டத்தில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை நான் ஃபோனை எடுத்து வைத்தபோது அந்த மனுஷர் எங்கே உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

"இப்ப நான் போய் என்ன சொல்றது?" என்றான் மச்சான்.

"நீ போக வேண்டாம். வீடு எங்கன்னு சொல்லு."

ஒரு குறுகிய தெருவில் ஒட்டி ஒட்டி ஏழெட்டு வீடுகள் இருந்தன. நாலாவது வீடு. கதவைத் தட்டினேன். ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனுஷர், கதவைத் திறந்தார். வேலை நாளில் வீட்டில் இருப்பதற்குக் கூச்சப்படுகிறவர்போல, பாதிக் கதவுக்குப் பின்னாலேயே நின்றார்.

"யாரு நீங்க?"

"அந்த ரெண்டு பெட்டியையும் பாக்காமலே கையெழுத்துப் போட்டவன்" என்றேன்.

அவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று நான் கொஞ்சம் சத்தமாகவே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.